சுருட்டை முடிச்சு

உயரமான கட்டடங்களில் கயிறு கட்டி இறங்கி வண்ணம் அடிக்கிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. எவரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் எழுதி வைத்ததை விடக் கெட்டியானது. அவனவன் இறங்கும் கயிற்றை அவனவன்தான் கட்ட வேண்டும். அடுத்தவன் முடிச்சில் கை வைக்கக் கூடாது. வைத்தே தீர வேண்டும் என்று வந்தால், அவிழ்த்ததை அவிழ்த்தபடியே தரையில் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். கயிறு கிடப்பதைப் பார்த்தால் இறங்கப் போகிறவன் தானே கட்டிக்கொள்வான். உதவி செய்கிறேன் பேர்வழி என்று நீ கட்டி வைத்தாயோ, அதைத் தன் முடிச்சு என்று நம்பி அவன் உட்கார்ந்துவிடுவான்.

மேஸ்திரி தன்னிடம் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார். அதுவும் சாதாரணமாகச் சொல்ல மாட்டார். கண்ணை உருட்டி, விரலை நீட்டி, ஏதோ அவர்கள் ஏற்கெனவே தப்பு செய்துவிட்ட மாதிரி சொல்லுவார். இந்த மனுஷனுக்கு ஏன் இத்தனை வேகம் என்று ஆட்களுக்குப் புரியாது. மற்றபடி அதிர்ந்து பேசாதவர்.

அன்று காலை மாதா கோயில் மணிக்கூண்டுக்கு வெள்ளை அடிக்க வந்திருந்தார்கள். மேஸ்திரியோடு மூன்று பேர். உச்சித் தளத்தில் கயிறுகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூவரில் ஒருவனுக்கு வாயாடி என்று பெயர். தூரிகை ஒரு முழம் போவதற்குள் அவன் வாய் ஒரு மைல் போய்விடும். புதிதாய்ச் சேர்ந்தவன் கட்டிய கயிற்றைத் தூக்கிப் பார்த்து, "என்னய்யா இது, சுருட்டை முடிச்சு போட்டிருக்க? கீழ இறங்கப் போறியா, இல்ல நேரா மேலோகம் போகப் போறியா?" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஊரில் கயிற்று வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் அந்தச் சொல் தெரியும். தொளதொளவென்று நம்பிக்கை இல்லாமல் போட்ட முடிச்சுக்கு அதுதான் பெயர். யார் அந்தச் சுருட்டை என்று எவரும் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்துத் தரைக்கதவு வழியாக ஒரு வழுக்கைத் தலை மேலே வந்தது. கோயில்பிள்ளை. மணி அடிப்பதும் கூட்டிப் பெருக்குவதும் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அவர் வேலை. இடது கால் குட்டை. ஒவ்வொரு படியிலும் வலது காலை வைத்து, இடது காலை இழுத்துக்கொண்டு, கையில் தண்ணீர்க் குடத்தோடு வந்திருந்தார். சிரிப்பும் அவர் காதில் விழுந்திருந்தது, சொல்லும் விழுந்திருந்தது.

"அந்தச் சுருட்டை நான்தான்யா," என்றார் அவர், குடத்தை இறக்கி வைத்துக்கொண்டே. தலையைத் தடவிக் காட்டினார். "முடியப் பார்த்து நம்ப மாட்டீங்க. அப்ப காடு மாதிரி இருந்துச்சு."

வாயாடிக்கு முகம் செத்துப் போயிற்று. "ஐயா, சத்தியமா நீங்கன்னு தெரியாது."

"தெரிஞ்சா மட்டும் என்ன. நான் போட்ட முடிச்சுக்கு என் பேர்தானே வெக்கணும், உன் பேரா வெக்க முடியும்? இந்தா, தண்ணி குடி."

மேஸ்திரி மட்டும் குடிக்கவில்லை. தன் கயிற்றை மூன்றாம் தடவையாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர் மேஸ்திரி இல்லை, நெட்டை. சுருட்டையும் நெட்டையும் ஒரே சுவரின் இரண்டு ஓரத்தில் இறங்குவார்கள். நடுவில் வந்து வண்ணம் ஒட்டும் இடத்தில் கோடு தெரியாது. அப்படி ஒரு கை இருவருக்கும்.

அன்று ஆறு மாடிக் கட்டடம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சுருட்டை தன் கயிற்றை மொட்டைமாடித் தொட்டியின் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு, வண்ணம் கலக்கக் கீழே போயிருந்தான். நெட்டையின் வாளிக் கயிறு போய்ச் சுருட்டையின் கயிற்றுக்கு அடியில் சிக்கிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. சுருட்டையின் முடிச்சை அவிழ்த்தான், வாளிக் கயிற்றை உருவினான். சட்டப்படி அவிழ்த்ததை அப்படியே போட்டிருக்க வேண்டும். ஆனால் முதல் தூறல் கையில் விழுந்தது. அவன் வந்து திரும்பக் கட்டிக்கொண்டிருந்தால் நேரம் போகும், மழைக்கு முன்னால் ஒரு பட்டையாவது முடிக்கலாம் என்று நினைத்தான். தானே கட்டினான். அவசரத்தில் ஒரு சுற்றுதான் போட்டான். தன் ஓரத்துக்குப் போய் இறங்கிவிட்டான்.

சுருட்டை வந்தான். வழக்கம் போல மூன்று தடவை இழுத்துப் பார்த்தான். பிடித்தது. பலகையில் உட்கார்ந்து இறங்கினான். நாலு மாடி இறங்கும் வரைக்கும் தாங்கிய முடிச்சு, இரண்டாவது மாடி உயரத்தில் நழுவியது. கீழே மணல் குவித்திருந்தது. அதனால் உயிர் தங்கியது, இடது கால் நொறுங்கியது.

பொறியாளர் ஓடி வந்தார். "எவன்டா கட்டினது? கட்டினவன் இனிமே இந்த ஊர்ல கயிறு தொட மாட்டான்," என்று கத்தினார்.

மணலில் கிடந்த சுருட்டை, உதடு வெளுத்துப் போய், "நான்தான் சார் கட்டினேன்," என்றான்.

நெட்டை பக்கத்தில்தான் நின்றான். சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. வீட்டில் மனைவிக்கு ஏழு மாதம். அந்தச் சொல்லை அப்படியே விழுங்கினான்.

யார் வந்து எப்படி வாதாடினாலும் சரி, கை தவறியது பாவம் இல்லை. கை எல்லாருக்கும் தவறும், அதற்காகத்தான் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பது. வாயை மூடியதுதான் பாவம். அதையும் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் மூடியிருந்தால் பயம் என்று சொல்லிவிடலாம். அவர் ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்து, முகம் கழுவி, புதிதாக மூடினார்.

வேறு என்னென்னவோ செய்தார், அதையும் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிக் கோயில்பிள்ளை வேலை வாங்கிக் கொடுத்தார். வருடா வருடம் சுருட்டையின் வீட்டுக்குத் தன் கையால் வெள்ளை அடித்தார். சுருட்டையின் மனைவி தையல் வேலை செய்கிறவள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான்ண்ணே," என்பாள். அவள் ஒவ்வொரு தடவை புகழும்போதும் ஏணியில் நிற்கிறவருக்குக் கால் கூசும்.

ஒன்று மட்டும் அவரால் பார்க்க முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து சுருட்டை ஒரு முடிச்சும் போட்டதில்லை. காலணியில் கயிறு இருந்தால் வாங்க மாட்டான். குப்பைச் சாக்கு நிறைந்தால் மனைவியைக் கூப்பிடுவான். கோயில் மணிக் கயிற்றை நாளெல்லாம் இழுக்கிறவன், அதன் நுனி பிரிந்தால் மேஸ்திரிக்கு ஆள் விடுவான். "இவர் கட்டினதுல அவிழாம நிக்கறது நான் ஒருத்திதான்," என்று தையற்காரி சிரிப்பாள். சுருட்டையும் சிரிப்பான். மேஸ்திரிக்குத்தான் சிரிப்பு வராது.

சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு மேஸ்திரி தவறாமல் போவார். கோபப்பட்டேன், பொய் சொன்னேன், வேலையில் அசட்டையாக இருந்தேன் என்பார். அந்த மூன்றாவதில்தான் சுருட்டையின் கால் மடங்கிக் கிடந்தது. பழைய சாமியாருக்குக் காது மந்தம். நாலு செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். மேஸ்திரி நாற்பது சொல்லுவார்.

அன்று மதியம் வெள்ளை வாளியை எடுக்கக் கோயிலின் சாமான் அறைக்குப் போனார். துடைப்பங்களுக்கும் மெழுகுக் கட்டைகளுக்கும் நடுவே சுருட்டை நின்றிருந்தான். ஆட்கள் இல்லாத இடத்தில் அவன் மேஸ்திரி என்று கூப்பிடுவதில்லை.

"நெட்டை, கொஞ்சம் உட்காரு. ஒண்ணு சொல்லணும்."

"மேல ஆளுங்க நிக்கறாங்க."

"நிக்கட்டும். பதினோரு வருஷம் நின்னாச்சு, இன்னும் அஞ்சு நிமிஷம் நிக்கக் கூடாதா?"

தெரிந்துவிட்டது என்றே மேஸ்திரி நினைத்தார். கவிழ்த்து வைத்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"போன ஞாயித்துக்கிழமை புதுச் சாமியார் பேசினாரே, கேட்டல்ல? யார்கிட்ட மன்னிப்புக் கேக்காம விட்டிருக்கோமோ, அவங்ககிட்டப் போய்க் கேட்டுட்டு அப்புறம் பூசையில நன்மை வாங்க வரணும்னு. எனக்கு உடனே உன் மூஞ்சிதான் வந்துச்சு."

"என் மூஞ்சியா?"

"என் முடிச்சு அவிழ்ந்ததால உன் வேலையும்தான் நாலு மாசம் நின்னுபோச்சு. தங்கச்சி வேற மாசமா இருந்துச்சு. நீங்க பட்ட பாடு எனக்கு அப்புறம்தான் தெரியும். தெரிஞ்சும் நான் ஒரு வார்த்தை கேட்டதில்ல. உன் கையால வீட்டுக்கு வெள்ளை அடிச்சுக்கிட்டேன், வேலை வாங்கிக்கிட்டேன், மன்னிப்பு மட்டும் கேக்கல. என்னை மன்னிச்சிடுடா."

மேஸ்திரியின் கையில் இருந்த தூரிகையிலிருந்து வெள்ளை ஒவ்வொரு சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"விடு," என்றார்.

"விடுன்னு சொல்லாத. விடறது வேற, மன்னிக்கறது வேற. வாயத் தொறந்து சொல்லு. எனக்கு அந்தச் சொல்லு வேணும்."

"மன்னிச்சேன்," என்றார் மேஸ்திரி.

சுருட்டை தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இப்பதான் மூச்சு வருது," என்று சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு மணி அடிக்கப் போனான். மதிய மணி அன்றைக்கு என்றும் இல்லாத தெம்போடு அடித்தது. ஒவ்வொரு அடியும் மேஸ்திரியின் பிடரியில் விழுந்தது.

சாயங்காலம் புதுச் சாமியாரிடம் போனார். சாமியாருக்கு வயது முப்பதுகூட இருக்காது. சுண்ணாம்புத் தூசி ஒத்துக்கொள்ளாமல் தும்மிக்கொண்டிருந்தார். மேஸ்திரி சல்லடைத் தட்டிக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டு வழக்கமான மூன்றையும் சொன்னார்.

"என்ன அசட்டை?" என்றார் சாமியார்.

இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவே இல்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வாளிக் கயிறு, தூறல், ஒரு சுற்று, பொறியாளர், அன்று மதியம் வரைக்கும். கடைசியில், "நான் மன்னிச்சேன்னு சொல்லிட்டேன் ஃபாதர். அவன்கிட்ட நான் கேக்க வேண்டியதை அவன் என்கிட்ட கேட்டான், நான் கொடுத்துட்டேன்," என்றார்.

தட்டிக்கு அந்தப் பக்கம் தும்மல் நின்றிருந்தது.

"கடவுள் மன்னிப்பாரா ஃபாதர்?"

"அதுல உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். அவர் கொடுக்கத்தான் நிக்கறாரு. வாங்கறதுக்கு உங்க கை காலியா இல்ல. கோயில்பிள்ளையோட நல்ல பேரை எடுத்து முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கீங்க."

"இப்ப பாவமன்னிப்புக் கொடுத்துடுங்க. நான் நேரம் பார்த்துச் சொல்லிடறேன்."

"நேரம் பார்த்துப் பார்த்துத்தானே பதினோரு வருஷம் ஆச்சு. திருடின பொருளைத் திருப்பித் தர மனசு வெச்சாத்தான் அது பாவத்துக்கு வருந்தற மனஸ்தாபம். நாளைக்கே திருப்பித் தரேன்னு சொல்லுங்க, இப்பவே தரேன்."

"அவன் என்னை மன்னிக்கலேன்னா?"

"அது அவரோட உரிமை. அதுல நான் தலையிட முடியாது, நீங்களும் முடியாது."

நாளைக்கே சொல்லிவிடுகிறேன் என்றார் மேஸ்திரி.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவளுக்கும் இத்தனை நாள் தெரியாது. கேட்டு முடிக்கும் வரை கையில் இருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஈரம் போன பிறகும் துடைத்தாள்.

"உனக்கு ஏழு மாசம். எனக்கு வேலை போயிட்டா..."

"என் வயித்தச் சாக்கு சொல்லாதீங்க," என்றாள். "அந்தப் பாவத்துல எனக்கும் என் பொண்ணுக்கும் பங்கு வெச்சீங்களே, ஒரு வார்த்தை கேட்டீங்களா? அந்தக்கா தெச்ச கவுனப் போட்டுத்தான் அவ வளர்ந்தா. நான் எந்த முகத்த வெச்சுக்கிட்டு அந்த வீட்டு வாசல்ல நிப்பேன்?"

"அப்ப சொல்ல வேண்டாங்கறியா?"

"போய்ச் சொல்லுங்க. காதுல போட்டுட்டீங்க, இனிமே சொல்லாம இருந்தா நானும் வாய மூடினவளாயிடுவேன். எனக்கு அது வேண்டாம்."

மறுநாள் காலை மணிக்கூண்டின் உச்சியில் மூன்று ஆட்களும் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். சுருட்டை தண்ணீர்க் குடத்தோடு ஏறி வந்தான். மேஸ்திரி குடத்தைக் கையில் வாங்கிக் கீழே வைத்தார்.

"எல்லாரும் வேலைய நிறுத்துங்க. ஒண்ணு சொல்லணும்," என்றார். "சுருட்டை முடிச்சுன்னு சொல்றீங்களே, அது இவன் போட்ட முடிச்சு இல்ல. இவன் ரெண்டு சுத்துப் போட்டு ஒழுங்கா கட்டிட்டுப் போனான். நான் அதை அவிழ்த்தேன். நான் திருப்பிக் கட்டினேன். நான் கட்டினதுலதான் இவன் விழுந்தான். யார் கட்டினதுன்னு கேட்டப்ப நான் பக்கத்துல நின்னேன், வாயத் தொறக்கல."

வாயாடி கையில் இருந்த கயிற்றைக் கீழே விட்டான்.

சுருட்டை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். "எத்தனை சுத்து?" என்றான்.

"ஒண்ணு."

"நான் ரெண்டு போட்டேன்."

"ஆமா."

"ரெண்டு போட்டது எனக்குத் தெரியும்டா. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு நாள் பூரா கட்டிக் கட்டிப் பார்த்தேன், போர்வை நுனியில. ஒவ்வொரு தடவையும் கை ரெண்டுதான் சுத்துது. ஆனா விழுந்தது நான். அப்ப என் கை பொய் சொல்லுதுன்னு நெனைச்சேன். என் கைய நானே நம்பாம விட்டுட்டேன்."

மேஸ்திரி மண்டியிடப் போனார். "எழுந்திரு," என்றான் சுருட்டை. "என் முன்னாடி மண்டி போடாத. கால் போனதுகூட ஒரு பக்கம் கிடக்கட்டும். நேத்து அந்த ரூம்ல நான் உன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். நீ கொடுத்த. எப்படிடா கொடுத்த?"



சுருட்டை திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனான். அந்தக் காலின் சத்தம் அடிவரைக்கும் கேட்டது. பன்னிரண்டு ஆனது. மணி அடிக்கவில்லை. தெருவில் போனவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கீழே சாமியார் வாசலுக்கு வந்து மேலே பார்த்தார், ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். ஆட்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரி கைப்பிடிச் சுவரோரம் நின்ற இடத்திலேயே நின்றார்.

பிறகு படியில் மறுபடியும் அந்தச் சத்தம். வலது கால், இழுவை. வலது கால், இழுவை. சுருட்டை மேலே வந்தான். நேராக மேஸ்திரியின் கயிற்றிடம் போனான். அவர் கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்தான். கயிற்றைத் தூணில் போட்டுச் சுற்றினான். நிறுத்தினான், கையை வேட்டியில் துடைத்தான், திரும்பச் சுற்றினான். ஒன்று. இரண்டு. நுனியை உள்ளே விட்டு இழுத்து இறுக்கினான்.

"உட்காரு," என்றான்.

வாயாடி எழுந்துவிட்டான். "மேஸ்திரி, வேண்டாம். அடுத்தவங்க முடிச்சுல இறங்கக் கூடாதுன்னு நீங்கதானே..."

"நான் இவன் முடிச்சுல இறங்கினேன்," என்றான் சுருட்டை, அவனைப் பார்க்காமலே. "இவன் இழுத்துப் பார்க்கணும்னா பார்த்துக்கட்டும்."

மேஸ்திரி இழுத்துப் பார்க்கவில்லை. பலகையில் உட்கார்ந்து, காலைச் சுவரில் ஊன்றி, விளிம்பைத் தாண்டினார். எடை கயிற்றில் இறங்கியபோது அது முனகியது. தலைக்கு மேலே சுருட்டையின் முகம் தெரிந்தது. அதில் கோபம் இருந்தது. கொஞ்சமும் ஒளிக்காத கோபம். கைகள் மட்டும் முடிச்சின் மேலேயே இருந்தன. ஒவ்வொரு முழமாக இறங்கினார். இரண்டாவது மாடி உயரம் வந்தபோது நிறுத்தினார். கயிறு அசையவில்லை.

தரையில் கால் பட்டதும் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். அண்ணாந்து, "மன்னிச்சிட்டியாடா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல," என்று மேலிருந்து பதில் வந்தது. "நாளைக்கும் வா. நாளைக்கும் நான்தான் கட்டுவேன்."

மேலே வாயாடியின் குரல், தயங்கித் தயங்கி: "அப்ப அந்த தொளதொள முடிச்சை இனிமே என்னன்னு சொல்றது?"

"மேஸ்திரி முடிச்சுன்னு சொல்லு," என்று கீழேயிருந்து மேஸ்திரியே கத்தினார். "எல்லா இடத்துலயும் போய்ச் சொல்லு. உன் வாய்க்கு இன்னைக்காவது ஒரு வேலை இருக்கட்டும்."

மதிய மணி அன்று ஒன்றரைக்கு அடித்தது.